ட்ரோன் கேமராவில் போலரைசர்: பறக்கும் முன் தரையிலேயே திருப்பி வைக்கும் முறை

காலை எட்டரை மணிக்குக் கடலூர் தேவனாம்பட்டினத்தில் நின்று கடலைப் பார்த்து ட்ரோனைப் பறக்கவிட்டால், படத்தில் பாதி வெள்ளையாகத்தான் வரும். தண்ணீரில் வெயில் பட்டுத் தெறிக்கும் பளபளப்பு மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். தண்ணீரின் நிறம், முகத்துவாரத்து மணல்திட்டு, அலை உடையுமுன் அதன் முதுகில் தெரியும் பச்சை எதுவும் தெரியாது. அந்தப் பளபளப்பை எடுக்கத்தான் போலரைசர் ஃபில்டர் இருக்கிறது. கடைகளில் சி.பி.எல். என்று கேட்டால் கிடைக்கும்.

சின்ன ட்ரோன் வாங்கும் பலர் இதையும் சேர்த்தே வாங்கிவிடுகிறார்கள். மாட்டிப் பறக்கவிட்டுப் பார்த்து, "ஒரு வித்தியாசமும் தெரியலையே" என்று கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். ஃபில்டரில் குறை எதுவும் இல்லை. அதை மாட்டினால் மட்டும் போதாது, சரியான பக்கம் திருப்பி வைக்க வேண்டும். கையில் பிடிக்கும் கேமரா என்றால் பார்த்துக்கொண்டே வளையத்தைத் திருப்பலாம். ட்ரோன் மேலே போனபின் வளையத்தைத் தொட வழியில்லை. அதனால் எந்தப் பக்கம் பார்க்கப் போகிறோம், நமக்கு வேண்டியது தண்ணீரா வானமா என்ற இரண்டையும் தரையிலேயே முடிவு செய்தாக வேண்டும். வேலை முழுக்க அந்த முடிவில்தான் இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது

வெயிலில் ஒளி எல்லாத் திசையிலும் அதிர்ந்தபடி வருகிறது. தண்ணீரில் சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது அதில் பெரும்பங்கு படுக்கைவாட்டில் மட்டும் அதிரும் ஒளியாகிவிடுகிறது. பாடப்புத்தகத்தில் தளவிளைவு என்று படித்தது இதுதான். போலரைசரை நெட்டுக்குத்தாகக் கம்பி வைத்த சன்னலாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு அட்டையை நிமிர்த்திப் பிடித்தால் கம்பிகளுக்கு நடுவே நுழையும், படுக்கப் போட்டால் கம்பியில் முட்டி நின்றுவிடும். தண்ணீரின் பளபளப்பு அந்தப் படுத்த அட்டை. சன்னலையே பக்கவாட்டில் திருப்பி வைத்தால் பளபளப்பு முழுக்க உள்ளே வந்துவிடும். ஃபில்டர் இல்லாததைவிடத் தூக்கலாகவே தெரியும்.

நம் ஊர்க்காரர் ஒருவர் இதைக் கொண்டு பெரிய கேள்வி ஒன்றைத் தீர்த்திருக்கிறார். 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது சி.வி. ராமன் மத்தியதரைக் கடலை நிகோல் பட்டகம் வழியாகப் பார்த்தார். அதுவும் ஒரு போலரைசர்தான். வானத்தின் நீலம் தண்ணீரில் தெரிவதால்தான் கடல் நீலம் என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே சொல்லியிருந்தார். ராமன் பட்டகத்தைத் திருப்பி மேற்பரப்பில் தெரியும் வானத்தை அணைத்துவிட்டுப் பார்த்தபோது கடலின் நீலம் குறையவில்லை, இன்னும் ஆழமாகத் தெரிந்தது. அந்த நீலம் தண்ணீருக்கே உரியது என்று அவர் காட்டியது இப்படித்தான். ட்ரோனில் நாம் செய்யப் போவதும் அதே காரியம்.

இதில் ஒரு கணக்கு உண்டு. தண்ணீருக்கு நேர்மேலிருந்து அளந்தால் சுமார் 53 டிகிரி சாய்வில் பார்க்கும்போது பளபளப்பு ஏறக்குறைய முழுவதும் படுக்கைவாட்டு ஒளியாக இருக்கும். ட்ரோன் மொழியில் சொன்னால், கேமராவை அடிவானத்திலிருந்து 37 டிகிரி கீழே சாய்த்த நிலை. புதிதாகப் பறக்கவிடுபவர்கள் தண்ணீர் என்றதும் கேமராவை நேர்கீழே 90 டிகிரிக்குத் திருப்பிவிடுகிறார்கள். அங்கே போலரைசர் எப்படித் திருப்பினாலும் பயன் தராது. நேர்கீழே பார்க்கும் படம்தான் வேண்டும் என்றால் ஃபில்டரை நம்பாமல் நேரத்தை நம்புங்கள். காலையிலோ மாலையிலோ சூரியன் தாழ்ந்திருக்கும்போது எடுத்தால் அதன் பிம்பம் படத்துக்குள் வராது.

வாங்கும்போது

உங்கள் ட்ரோன் மாடலுக்கென்றே செய்த ஃபில்டராக இருக்க வேண்டும். டி.ஜே.ஐ. மினி 2க்கு உள்ளது மினி 3 ப்ரோவுக்குப் பொருந்தாது. ஒட்டி, சுற்றி எப்படியாவது மாட்டிவிடலாம் என்று முயற்சி செய்யாதீர்கள். கேமராவைத் தாங்கும் கிம்பலின் மோட்டார்கள் மிகச் சிறியவை. முன்பக்கம் கனம் கூடினால் திணறி, திரையில் எச்சரிக்கை வரும். வளையம் தனியாகச் சுழல்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பாருங்கள். ரொம்ப லொடலொடப்பாக இருந்தால் பறக்கும் அதிர்விலேயே நகர்ந்துவிடும்.

எடையையும் பார்க்க வேண்டும். இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நேனோ வகை, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை. மினி ட்ரோன்கள் 249 கிராமில் நிற்பவை, கூடவே ஏற்றும் பொருளும் இந்தக் கணக்கில் சேரும். ஒரிஜினல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாட்டும் ஃபில்டர் என்றால் பெரிய வித்தியாசம் வராது. அதன் மேலேயே மாட்டுவது என்றால் எல்லையைத் தாண்டிவிடலாம். தெரிந்த நகைக்கடைத் தராசில் வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வீட்டிலேயே ஒரு புள்ளி

சில ஃபில்டர்களில் வளையத்தில் குறி இருக்கும், பலவற்றில் இருக்காது. இருந்தாலும் நாமே சரிபார்த்துப் புள்ளி வைப்பதே நல்லது. சமையலறை கிரானைட் மேடை இதற்குத் தோதான இடம். எதிரே சன்னல் இருக்க வேண்டும், மேடையில் அந்தச் சன்னல் வெளிச்சம் பளபளவென்று தெரிய வேண்டும். சற்றுத் தள்ளி நின்று மேடையைச் சாய்வாகப் பாருங்கள். ஃபில்டரை ஒரு கண்ணுக்கு முன் பிடியுங்கள். கேமரா பக்கம் வரவேண்டிய முகம் உங்கள் கண் பக்கம் இருக்கட்டும். மாற்றிப் பிடித்தால் எவ்வளவு திருப்பினாலும் வெளிச்சம் மாறாது, நிறம் லேசாக மாறுவதோடு சரி.

இப்போது வளையத்தை மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் சன்னல் பிம்பம் மங்கிப்போய், கிரானைட்டின் கருப்பும் அதிலுள்ள பொடிப் புள்ளிகளும் பளிச்சென்று தெரியும். அப்படியே அசையாமல் நிறுத்தி, வளையத்தின் உச்சியில், அதாவது கடிகாரத்தில் 12 இருக்கும் இடத்தில், நெயில் பாலிஷால் ஒரு சின்னப் புள்ளி வையுங்கள். கண்ணாடியில் படக் கூடாது. காயும்வரை கீழே வைக்க வேண்டாம்.

இனி எல்லாம் இந்தப் புள்ளியை வைத்துத்தான். அரைச் சுற்றுக்கு ஒருமுறை அதே பலன் திரும்ப வரும் என்பதால் 12உம் 6உம் ஒன்றே, 3உம் 9உம் ஒன்றே.

தண்ணீருக்குப் புள்ளி மேலே

கடல், ஏரி, ஆறு எதுவானாலும் நீர்ப்பரப்பு படுக்கையாகத்தான் கிடக்கிறது. அதனால் புள்ளி 12இல் இருந்தால் ட்ரோன் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீருக்கு அது பொருந்தும். புதிதாகத் தொடங்குபவர்கள் வானத்தை விட்டுவிட்டுத் தண்ணீரிலிருந்து தொடங்கச் சொல்வது இதற்காகத்தான். சாய்வை மட்டும் 30 முதல் 45 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மினி வகைக் கேமராக்களில் 30 டிகிரிக்கு மேல் சாய்த்தாலே வானம் படத்திலிருந்து வெளியேறிவிடும், ஒரு கவலை குறையும்.

எவ்வளவு பளபளப்பை எடுப்பது என்பது ரசனை. கணக்கு என்னவோ எளிது. புள்ளி 12இல் இருந்தால் பளபளப்பு அநேகமாக முழுதும் போய்விடும். 1 மணிக்கு நகர்த்தினால் கால் பங்கு மிஞ்சும், ஒன்றரைக்குப் பாதி, 2க்கு முக்கால், 3க்கு முழுதும். ஏரிக்கும் உப்பனாற்றுக் கழிமுகத்துக்கும் 12 சரி. அடி மண், பாசி, மீன்பிடி வலைக் கம்பு எல்லாம் தெளியும். கடலுக்கு அப்படி வைக்காதீர்கள். பளபளப்பு முழுக்கப் போன கடல் காய்ந்துபோன தார்ப்பாய் மாதிரி தட்டையாகிவிடுகிறது. அலையின் மடிப்பு, ஈர மணலின் மினுமினுப்பு, கரையேறிய ஃபைபர் படகின் நனைந்த பக்கம் இதெல்லாம் இருந்தால்தான் கடல் கடலாகத் தெரியும். என் கணக்கில் கடலுக்கு 1 மணி, வெயில் அதிகம் என்றால் பன்னிரண்டரை.

நம் கரை கிழக்குக் கரை என்பதை மறக்காதீர்கள். காலையில் கடலைப் பார்த்தால் சூரியன் எதிரே இருக்கும், தண்ணீரில் அதன் ஒளிப்பாதை நேராக நம்மை நோக்கி வரும். சூரியன் 37 டிகிரி உயரத்துக்கு ஏறும் நேரம் கோடையில் ஏறக்குறைய எட்டரை மணி. அப்போது அந்த ஒளிப்பாதையையே ஃபில்டர் விழுங்கிவிடும். முதல்முறை பார்ப்பவர்களுக்கு நம்பவே முடியாது. பிற்பகலில் சூரியன் முதுகுப் பக்கம் போய்விடுவதால் கடலில் தெரிவது வானத்தின் வெளிச்சம் மட்டும், மாற்றமும் மென்மையாக இருக்கும். மழைக்குப் பின் கெடிலம் கலங்கி வந்து கடலில் சேரும் நாட்களில், செம்மண் நீருக்கும் கடல் நீருக்கும் நடுவே ஓடும் அந்தக் கோட்டைப் போலரைசர் இல்லாமல் எடுக்கவே வேண்டாம் என்பேன்.

தண்ணீருக்குச் சொன்னது வயலுக்கும் ஓரளவு பொருந்தும். பாகூர்ப் பக்கம் நெல் வளர்ந்து நிற்கும்போது மேலிருந்து எடுத்தால் இலைகள் வெள்ளைப் பூச்சு பூசியதுபோல் வரும். இலைப்பரப்பில் தெறிக்கும் வானம்தான் காரணம். புள்ளி 12இல் வைத்து எடுத்தால் அந்தப் பூச்சு நீங்கி உண்மையான பச்சை வரும். மேகமூட்டத்திலும் இது வேலை செய்யும்.

வானத்துக்குப் புள்ளி சூரியனைப் பார்க்க

வானத்தில் கதை வேறு. சூரியனுக்குச் சரியாகப் பக்கவாட்டில், 90 டிகிரி விலகியிருக்கும் பகுதியில்தான் ஃபில்டருக்கு வேலை. ஆள்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டுங்கள், கட்டைவிரலைச் செங்குத்தாக விரியுங்கள். விரல் சூரியனைவிட்டு நகராமல் மணிக்கட்டைச் சுழற்றினால், கட்டைவிரல் சுட்டிக்கொண்டு போகும் வளைவுதான் அந்தப் பகுதி. காலையில் சூரியன் கிழக்கே தாழ்ந்திருக்கும்போது அது வடக்கிலிருந்து உச்சி வழியாகத் தெற்கே போகும். அதாவது கரையை ஒட்டிப் புதுச்சேரிப் பக்கமோ பரங்கிப்பேட்டைப் பக்கமோ பார்த்தால் நீலம் ஆழமாகும். கடல் பக்கமோ ஊர்ப் பக்கமோ பார்த்தால் ஒன்றும் ஆகாது.

திருப்பி வைக்கும் விதி ஒன்றே. ட்ரோனைப் படம் எடுக்கப் போகும் திசையைப் பார்த்துத் தரையில் வையுங்கள். வளையத்தின் புள்ளியைச் சூரியன் இருக்கும் பக்கம் திருப்புங்கள். காலை ஆறரைக்கு வடக்கே பார்த்தால் சூரியன் வலப்பக்கம் தாழ்ந்திருக்கும், புள்ளி 3இல் வரும். ஒன்பது மணிக்குச் சூரியன் வலது மேல்பக்கம் ஏறியிருக்கும், புள்ளி ஒன்றரையிலிருந்து 2க்குள் வரும்.

இங்கேதான் ஒரு முரண். விடிகாலையில் வானத்துக்குப் புள்ளி 3இல் இருக்க வேண்டும், தண்ணீருக்கோ 12இல். ஒரே படத்தில் நீல வானமும் தெளிந்த நீரும் அந்த நேரத்தில் கிடைக்காது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். சூரியன் ஏற ஏற இரண்டும் நெருங்கி வரும். ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டியும் நண்பகல் 12.10 வாக்கில் சூரியன் கடலூருக்கு ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். அந்த நாட்களின் உச்சிவேளையில் எந்தத் திசையில் பார்த்தாலும் புள்ளி 12இல் இருந்தாலே வானம், தண்ணீர் இரண்டுக்கும் பொருந்தும். உச்சிவெயிலில் படமே எடுக்காதே என்று சொல்பவர்கள் உண்டு. நீர்நிலைகளை மேலிருந்து சாய்வாக எடுக்க அது நல்ல நேரம் என்பது என் கருத்து.

இன்னொன்று, ட்ரோன் லென்ஸ் அகலமாகப் பார்ப்பது. வானத்தில் ஒரு பட்டை மட்டும் கருநீலமாகி, ஓரங்கள் வெளுத்து நிற்கும். அதனால் வானத்தை முழு அளவுக்கு இருட்டாக்காமல் புள்ளியைச் சூரியனிலிருந்து ஒரு மணி அளவு தள்ளி வையுங்கள். கடலோரத்து ஈரப்பதத்தில் வானம் பால்போல் வெளுத்திருக்கும் நாட்களில் ஃபில்டரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அன்று தண்ணீரை எடுங்கள்.

மாட்டி, சரிபார்த்து, பறத்தல்

ட்ரோனை அணைத்துவிட்டு மாட்டுங்கள். கிம்பல் உறையைக் கழற்றி, கேமராவின் பெட்டிப்பகுதியை இரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு மறுகையால் ஃபில்டரைப் பொருத்த வேண்டும். கிம்பல் கையை நெரிக்கக் கூடாது. புள்ளியை வேண்டிய இடத்தில் வையுங்கள். கேமராவை எதிரே நின்று பார்க்கும்போது கடிகாரம் இட வலம் மாறித் தெரியும். கேமராவுக்கு 2 மணி நமக்கு 10 மணி. குறிப்பேட்டில் எழுதி வைப்பவர்கள் கேமராவின் பார்வையில் எழுதினால் பின்னால் குழப்பம் வராது.

அப்புறம் ட்ரோனை ஆன் செய்து, மோட்டாரைச் சுழல விடாமல், திரையில் பாருங்கள். இதற்கு முன் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஆட்டோவில் இருந்தால், ஃபில்டர் வெளிச்சத்தைக் குறைத்த உடனே கேமரா ஏற்றிவிடும், வித்தியாசமே தெரியாது. வெள்ளைச் சமநிலையையும் பூட்டிவிடுங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டிருந்தால் கழற்றிவிட்டுத் திரையைப் பாருங்கள். இல்லையென்றால் மொபைல் திரையே இருண்டுபோகும். திருப்பம் போதவில்லை என்றால் அணைத்துவிட்டுத் திருத்துங்கள். கிம்பல் இயங்கும்போது வளையத்தைத் திருகினால் மோட்டார் எதிர்த்து இழுக்கும்.

போலரைசர் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை வெளிச்சத்தைக் குடிக்கும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது). எஃப்/2.8 லென்ஸில் ஐ.எஸ்.ஓ. 100இல் நல்ல வெயிலுக்கு ஷட்டர் 1/3000 என்றால், ஃபில்டரோடு 1/1000க்கு வந்து நிற்கும். புகைப்படத்துக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. வீடியோவுக்கு 1/50 வேண்டுமென்றால் போலரைசர் மட்டும் போதாது, வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் என்.டி.யும் போலரைசரான பி.எல்.லும் சேர்ந்த ஃபில்டர் வேண்டும். அதையும் இதே புள்ளி முறையில்தான் திருப்ப வேண்டும்.

ரீல்ஸுக்காகக் கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பும் மாடல்கள் உண்டு, மினி 3 ப்ரோ, மினி 4 ப்ரோ போல. கேமராவோடு ஃபில்டரும் கால் சுற்று திரும்பிவிடும். 12இல் வைத்த புள்ளி 3க்குப் போய், எடுக்க நினைத்த பளபளப்பு முழுக்க வந்து சேரும். நெட்டுக்குத்துப் படம்தான் வேண்டுமென்றால் தரையிலேயே புள்ளியை 3இல் வைத்துவிடுங்கள், திரும்பியதும் 12க்கு வந்துவிடும்.

பனோரமா, ஒரு பொருளைச் சுற்றி வட்டமடித்து எடுக்கும் வீடியோ, நில அளவைக்கான படங்கள் இவற்றுக்குப் போலரைசரைக் கழற்றிவிடுங்கள். திசை மாற மாற வானமும் இலையும் நிறம் மாறிக்கொண்டே வரும், பின்னால் ஒட்டுப்போட முடியாது. விடியலிலும் அந்தியிலும் சூரியனையே படத்தில் வைக்கும்போதும் வேண்டாம்; வெளிச்சம் வீண், கண்ணாடிக்குள் பேய்ப்பிம்பம் வேறு வரும்.

எங்கே பறக்கலாம்

பறக்கும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அன்றைய மண்டலத்தைப் பாருங்கள். பச்சை மண்டலத்தில் உச்ச உயரம் பொதுவாக 400 அடி. விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாது. லாஸ்பேட்டை விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் புதுச்சேரி கடற்கரைச் சாலை இந்த வட்டத்துக்குள் வந்துவிடுகிறது. ஊசுடு ஏரி பறவைகள் சரணாலயம், பிச்சாவரம் வனத்துறை இடம். அங்கேயெல்லாம் ட்ரோனைப் பையிலேயே வைத்திருங்கள். பறவைகளைக் கலைத்து எடுக்கும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். மீன் இறங்குமிடங்களில் செம்பருந்துகள் வட்டமிடும், ட்ரோனைத் துரத்தவும் செய்யும். அவை கலையும் வரை பொறுங்கள். மீனவர் ஊர்களில் வலை காய்கிற, ஆட்கள் வேலை செய்கிற இடமென்றால், "அண்ணே, கொஞ்ச நேரம் இங்கேருந்து பறக்கவிடட்டுமா?" என்று கேட்டுவிட்டு விடுங்கள். காற்று எப்போது திரும்பும், எந்தப் பக்கம் தண்ணீர் தெளிந்திருக்கிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

கடற்கரையிலிருந்து திரும்பியதும் ஃபில்டரை உடனே துணியால் துடைக்காதீர்கள். உப்பும் பொடிமணலும் ஒட்டியிருக்கும், தேய்த்தால் கீறல் விழும். முதலில் ஊதுபந்தால் ஊதி, பிறகு மைக்ரோஃபைபர் துணியில் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் விட்டு ஒற்றி எடுங்கள். வளையத்தின் இடுக்கில் மணல் சிக்கித் திருப்பும்போது நறநறவென்று கேட்டால், அது போகும்வரை திருப்பாமல் ஊதிக்கொண்டே இருங்கள்.